பூஜ்யம் மில்லிகிராம்

2018 பிப்ரவரியிலிருந்து 2019 ஜூன் வரை, ஒரு மனிதனின் ரத்தத்தில் ஒரு நாளைக்கு எவ்வளவு நிகோடின் கலக்க வேண்டும் என்பதை நான் ஒரு எக்செல் ஷீட்டில் தீர்மானித்துக்கொண்டிருந்தேன். அவன் என் நண்பன். கல்லூரியில் ஒரே பெஞ்ச், பிறகு பரனூர் மகேந்திரா சிட்டியில் ஒரே கம்பெனி, அப்புறம் இங்கிலாந்தில் ஆன்சைட், ஒரே வீட்டில் எதிரெதிர் அறை. இதை அவனே கேட்டுக்கொண்டதால்தான் செய்தேன் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். முக்கால்வாசி உண்மை.

அவன் ஒரு நாளைக்குப் பதினைந்து சிகரெட் பிடித்தவன். அந்த ஊரில் ஒரு பாக்கெட்டின் விலையில் இங்கே இரண்டு நாள் மெஸ் சாப்பாடு சாப்பிடலாம். அங்கே மருத்துவர்களே சிகரெட்டை விட வேப் தேவலாம் என்று சொல்வார்கள், தெருவுக்கு ஒரு வேப் கடை இருக்கும். அவனும் மாறினான். கடைக்காரர் கொடுத்த விலைப்பட்டியலோடு வந்து மேசையில் வைத்தான். "மச்சி, இதுல கணக்கு இருக்கு. நீ பாரு."

கணக்கு உண்மையில் சுலபம். வேப் திரவம் என்பது நாலே நாலு சமாச்சாரம்: புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், மணம், நிகோடின். கடைசியாகச் சொன்னது இல்லாமலும் விற்பார்கள். ஐரோப்பிய விதிப்படி நிகோடின் கலந்த பாட்டில் 10 மில்லிக்கு மேல் இருக்கக்கூடாது, ஒரு மில்லியில் 20 மில்லிகிராமுக்கு மேல் நிகோடினும் இருக்கக்கூடாது. நிகோடினே இல்லாத பாட்டிலுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. சட்டத்தில் ஒரு இடைவெளி இருந்தால் வியாபாரம் அதில் குடியேறிவிடும். பெரிய பாட்டிலில் நிகோடின் இல்லாத திரவத்தைப் பாதியோ முக்காலோ நிரப்பி விற்பார்கள். கூடவே 18 மில்லிகிராம் வீரியத்தில் 10 மில்லி குப்பிகள் தனியாக. அதை 'ஷாட்' என்பார்கள். வாங்குகிறவன் வீட்டில் ஊற்றிக் குலுக்கிக்கொள்ள வேண்டும். ஒரு ஷாட்டில் 180 மில்லிகிராம். 60 மில்லி பாட்டிலில் ஒரு ஷாட் ஊற்றினால் மில்லிக்கு 3. இரண்டு ஊற்றினால் 6. நாலுக்கு 12. ஒன்பதாம் வகுப்பு விகிதக் கணக்குதான், இஞ்சினியரிங் எல்லாம் தேவையில்லை.

ஆனால் அவன் கேட்டது வெறும் கணக்கு அல்ல. "எப்பக் குறைக்கிறேன்னு என்கிட்ட சொல்லாதே. சொன்னா மனசு தேடும். மூணு வரைக்கும் உன் இஷ்டம். மூணுக்குக் கீழ போறதுன்னா மட்டும் என்னைக் கேளு." கையெழுத்துப் போடாத ஒப்பந்தம். தன்னையே நம்பாத ஒருவன், தன்னை நம்புகிற நேரம் பார்த்துச் செய்துகொள்ளும் ஏற்பாடு. காலையில் எழுந்திருக்க வேண்டும் என்று அலாரத்தை அடுத்த அறையில் வைக்கிறோமே, அந்த மாதிரி. இங்கே அலாரம் நான்.

பிப்ரவரியில் 12. ஏப்ரலில் 9. ஜூனில் 6. ஆகஸ்ட்டில் 3. அவனுக்குத் தெரியாமல் குறைப்பது நான் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது, அந்தக் கஷ்டம் எனக்குப் பிடித்தும் இருந்தது. ஷாட்டைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் மணக்கலவையை ஊற்றினால் மணம் தூக்கலாகி மாட்டிக்கொள்வேன். அதனால் அடர்மணக் கலவையை எப்போதும் 20 மில்லியிலேயே நிறுத்தி, குறைந்த ஷாட்டின் இடத்தை மணமில்லாத கலவையால் நிரப்பினேன். இன்னொன்று, நிகோடின் தொண்டையில் ஒரு பிடி பிடிக்கும். புகைக்கிறவர்கள் தேடுவதில் பாதி அந்தப் பிடியைத்தான். நிகோடின் குறையக் குறைய அது மழுங்கும். கிளைக்காலுக்கும் தொண்டையைக் கொஞ்சம் உரசுகிற குணம் உண்டு. கிளிசரின் வழவழவென்று வெறும் புகையைப் பெருக்கும். ஆகவே ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் கிளைக்கால் விகிதத்தைக் கொஞ்சம் ஏற்றினேன். இல்லாத நிகோடினை இருப்பதாகத் தொண்டைக்குச் சொல்லும் வேலை அது. சமையலில் உப்பைக் குறைத்துப் புளியை ஏற்றுகிற மாதிரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உப்பு போதாதென்று சாப்பிடுகிறவன் கேட்கலாம் என்பதை மட்டும் மறந்துவிட்டேன்.

அவன் உடம்பு கேட்கத்தான் செய்தது. 12இல் இருந்தபோது ஒரு பாட்டில் இருபது நாள் வந்தது. 6இல் பன்னிரண்டு நாள். 3இல் பத்து. அதாவது ஷீட்டில் நான் வீரியத்தை நாலில் ஒன்றாக்கியிருந்தேன், அவன் உள்ளே இழுத்த நிகோடின் பாதியாகத்தான் ஆகியிருந்தது. இது அவன் பலவீனம் அல்ல, எல்லா உடம்புக்கும் தெரிந்த கணக்கு. 'லைட்' சிகரெட் கதையும் இதுதான். பில்டரைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் போட்டார்கள், அளக்கும் இயந்திரம் குறைவாகக் காட்டியது. மனிதன் விரலாலும் உதட்டாலும் அந்தத் துளைகளை மூடி, ஆழமாக இழுத்து, தன் பங்கை வாங்கிக்கொண்டான். வேப் விஷயத்தில் லண்டனில் லின் டாக்கின்ஸ் குழுவினர் 18 மில்லிகிராமையும் 6 மில்லிகிராமையும் ஒப்பிட்டு 2018இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொன்னது. வீரியம் குறைந்தால் அதிகம் இழுக்கிறார்கள். அதிகம் இழுத்தால் சூடான கிளைக்கால், கிளிசரினிலிருந்து பிறக்கும் பார்மால்டிஹைடு போன்றவையும் அதிகம் உள்ளே போகின்றன. எண் குறைந்தால் கேடும் அதே அளவு குறையும் என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை. நிகோடின் இல்லாத திரவத்தை ஏதோ மூலிகை ஆவி மாதிரி நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். நிகோடின் பூஜ்யம் என்றால் நிகோடின் மட்டும்தான் பூஜ்யம். சில சமயம் அதுகூட இல்லை. 2009இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 'நிகோடின் இல்லை' என்று லேபிள் ஒட்டிய சில கார்ட்ரிட்ஜ்களைச் சோதித்தபோது, ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் சிறிதளவு நிகோடின் இருந்தது.

அது கம்பெனிகள் செய்த பொய். லேபிளில் பூஜ்யம், உள்ளே நிகோடின். நான் செய்தது அதன் தலைகீழ்.

*

2018 நவம்பர் முதல் வாரம் அவன் அப்பாவுக்கு மாரடைப்பு. மதுராந்தகத்திலிருந்து செங்கல்பட்டுக்கு, அங்கிருந்து சென்னைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மறுநாள் காலை விமானம். ராத்திரி பதினொரு மணிக்குத் துணிகளைப் பெட்டியில் திணித்துக்கொண்டே சொன்னான்: "ரெண்டு பாட்டில் போட்டுக் குடுடா. இப்போதைக்கு மூணுலயே வை. எதுவும் மாத்தாதே."

"சரி" என்றேன்.

சமையலறைக்குப் போனேன். டிராயரில் ஒரே ஒரு ஷாட் மிச்சமிருந்தது. கடை மூடியிருந்தது. ஒரு பாட்டிலையாவது 3இல் கலந்திருக்கலாம். இல்லாவிட்டால் அந்த ஒரு ஷாட்டை இரண்டிலும் பிரித்து, "ஒண்ணரைதான்டா வருது" என்று சொல்லியிருக்கலாம். ஷீட்டில் மூன்று மாதமாக '3' என்ற வரிசையிலேயே நின்றுகொண்டிருந்தோம், அடுத்த வரிசையில் '0' என்று நான் எப்போதோ எழுதி வைத்திருந்தேன். சந்தேகமே வராத நேரம் இதுதான் என்று தோன்றியது. அவன் கவனம் முழுக்க அப்பாவிடம் இருக்கும், தொண்டையில் இருக்காது. தமிழ்நாட்டில் அந்த ஆண்டே இ-சிகரெட்டைத் தடை செய்திருந்தார்கள், நிகோடின் இல்லாமல் இருந்தால் அவனுக்கே நல்லது என்றும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். ஒரு ப்ரோகிராமர் வெள்ளிக்கிழமை இரவு, யாரும் பார்க்காத நேரத்தில் புரொடக்ஷனில் கோடை ஏற்றுகிறபோது வருகிற அதே குறுகுறுப்பு. இரண்டு பாட்டிலையும் பூஜ்யத்தில் கலந்தேன். கிளைக்காலை ஏற்றினேன். குலுக்கினேன். ஷாட் டிராயரிலேயே இருந்தது.

ஆறு ராத்திரி அவன் ஐ.சி.யு. வாசலில் உட்கார்ந்திருந்தான். ஏழாம் நாள் விடியற்காலை அப்பா போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடித்துவிட்டுத் திரும்பி வந்தான். மொட்டைத் தலையோடு சோபாவில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னான். டாக்டர்கள் தினமும் ஒரு எண் சொல்லுவார்களாம், இதயம் இத்தனை சதவீதம் வேலை செய்கிறதென்று. அந்த எண்ணைக் கேட்டுவிட்டு மாடிப்படி வளைவுக்குப் போய் நாலு இழுப்பு. "அந்த பாட்டில் மட்டும் இல்லேன்னா எனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கும்டா. நீ போட்டுக் குடுத்ததுதான் புடிச்சுக்க இருந்துச்சு."

இரண்டாவது பாட்டிலில் கால்வாசி மிச்சத்தோடு வந்திருந்தான். அவன் அப்பாவின் சாவைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் மனசுக்குள் வகுத்துக்கொண்டிருந்தேன். இருபத்து மூன்று நாளில் சுமார் 105 மில்லி. ஒரு நாளைக்கு நாலரை. 3இல் ஆறாக இருந்தது. பூஜ்யத்தில் குறைந்திருக்கிறது. சுவாரசியமான டேட்டா. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

அதற்கப்புறம் எப்படிச் சொல்வது? 2019 ஜூனில் ஊர் திரும்பும்வரை பூஜ்யத்தையே கலந்து கொடுத்தேன், அவன் 3 என்றே நம்பினான்.

*

2019 செப்டம்பர் 18 அன்று மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டது. அதே டிசம்பரில் அது முழுச் சட்டமானது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, சேமிப்பு, விளம்பரம் எல்லாம் குற்றம். விற்றால் முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டுமாகவும் இருக்கலாம். இ-சிகரெட் என்றால் என்ன என்று அந்தச் சட்டம் வரையறுக்கிற இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நிகோடின் இருக்கட்டும் இல்லாமல் போகட்டும், ஒரு பொருளைச் சூடாக்கி உள்ளிழுக்க ஆவி தருகிற மின்கருவி எல்லாமே இ-சிகரெட்தான். அதாவது சட்டத்தின் கண்ணில் என் பூஜ்யமும் பன்னிரண்டும் ஒன்று. அதே சட்டம் பீடியையும் சிகரெட்டையும் பெட்டிக்கடையில் அப்படியே விட்டுவைத்தது என்பது வேறு விஷயம், அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது. (அவசரச் சட்டம் வந்த மூன்றே வாரத்தில் சீன அதிபர் ஷி ஜின்பிங் மாமல்லபுரம் வந்து நம் பிரதமரோடு வெண்ணெய்ப் பாறை முன்னால் கைதூக்கிப் படமெடுத்துக்கொண்டார். இன்றைய இ-சிகரெட்டைக் கண்டுபிடித்த ஹான் லிக் ஒரு சீன மருந்தாளுநர். அவர் அப்பா நுரையீரல் புற்றுநோயில் இறந்தவர். இவற்றுக்குள் ஒரு சம்பந்தமும் இல்லை, எங்கள் ஊர்ப் பக்கத்தில் நடந்ததால் ஞாபகம் வருகிறது.)

முதலில் அந்த வரையறையை அபத்தம் என்று நினைத்தேன். விஷம் இல்லாத பாட்டிலில் எது குற்றம்? பிறகு நினைப்பு மாறியது. என் நண்பன் ஐ.சி.யு. படிவளைவில் இழுத்தது ஒரு வேதிப்பொருளை அல்ல. கை வாய்க்குப் போவது, தொண்டையில் உரசல், மூச்சு நீண்டு வெளியேறுவது, ஆவி கலைவது. நிகோடின் நீக்கிய சிகரெட்டை வைத்துச் செய்த ஆய்வுகளிலும் இந்தச் சடங்கு மட்டுமே தவிப்பைக் கொஞ்ச நேரம் தணித்திருக்கிறது. பழக்கத்தின் பாதி பாட்டிலுக்கு வெளியே இருக்கிறது என்பது அந்த வரையறையை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது.

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்று சொல்கிற பெரும்பாறைச் சிற்பத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பூனை ஞாபகம் இருக்கும். யானைக்குப் பக்கத்தில், பின்னங்காலில் நின்று முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி, மேலே தவம் செய்கிறவரை அப்படியே காப்பியடித்து நிற்கும். சுற்றிலும் எலிகள். கங்கைக் கரையில் தவசியாக நடித்து எலிகளைத் தின்ற பூனையின் கதை பாரதத்தில் இருக்கிறது. ஆகவே அது கபட சன்னியாசிக்குச் சிற்பி வைத்த குத்து என்பது ஒரு வாசிப்பு. இன்னொன்றும் உண்டு. கங்கை இறங்கி வருகிற நேரம், நாகரும் தேவரும் விலங்கும் கைகூப்பி நிற்கிற நேரம், பூனைகூடத் தன் சுபாவத்தை மறந்து நிற்கிறது, எலிகூட ஓடாமல் நிற்கிறது. பாறையில் இருப்பது தோரணை மட்டும்தான். உள்ளே எத்தனை மில்லிகிராம் என்று சிற்பி சொல்லவில்லை.

*

2020 ஜனவரி, பொங்கல் விடுமுறை. அந்தப் பூனைக்கு எதிரே புல்தரையில் உட்கார்ந்திருந்தோம். தடை வந்ததும் அவன் கருவியைத் தூக்கிப் போட்டுவிட்டான், நாலு மாதமாக எதுவும் இல்லை. அதில் அவனுக்குப் பெருமை. டீமில் ஒரு பையனுக்கு அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தானாம். "மூணுலேர்ந்து ஒரே நாள்ல நிறுத்தினேன், உன்னால முடியாதான்னு கேட்டேன்." பையன் முயன்று, இரண்டு நாள் நடுங்கி, மறுபடி ஆரம்பித்திருக்கிறான். "வில் பவர் இல்லடா அவனுக்கு" என்று சிரித்தான்.

அங்கேதான் சொன்னேன். அந்தப் பையனுக்காகச் சொன்னேன் என்று நினைக்க ஆசை. சொல்லாமல் இருக்க முடியாததால் சொன்னேன் என்பதுதான் சரியாக இருக்கும்.

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பக்கத்துச் சிற்பப் பட்டறையில் கிரைண்டர் கல்லை அறுத்துக்கொண்டிருந்தது. உளிச்சத்தம் குறைந்து இப்போதெல்லாம் அந்த இரைச்சல்தான். அப்புறம் கேட்டான்:

"அப்ப அந்த ஆறு ராத்திரியும் நான் தனியாவா இருந்தேன்?"

இதற்கு நான் தயாரித்து வைத்திருந்த பதில் இருந்தது. 'ஆமாம், அதுதான் நல்ல செய்தி, எந்த மருந்தும் இல்லாமல் நீயே தாங்கியிருக்கிறாய்.' சொல்ல ஆரம்பித்து, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டேன். அவன் கணக்கில் அது நல்ல செய்தி இல்லை. ஏதோ ஒன்று தன்னைப் பிடித்துக்கொண்டிருந்தது, அதை நண்பன் கலந்து கொடுத்தான். அப்பா போன அந்த மாதத்தைப் பற்றி அவனிடம் மிச்சமிருந்த ஒரே நல்ல ஞாபகம் அது. நான் அதில் கைவைத்துவிட்டேன்.

பேச்சை மாற்ற, இஞ்சினியர் புத்தி, ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். நம் ஜில்லாவிலேயே நடந்தது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைக்குத் திருவள்ளூர் பக்கம் இருக்கிற கிராமங்களில், 1968இல் தொடங்கி 1971 வரை பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனைக்கு ஆட்களைச் சேர்த்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் சேர்ந்து செய்தது. காசநோய்க்கு எதிராக உலகத்தில் நடந்த மிகப் பெரிய சோதனைகளில் ஒன்று, லட்சக்கணக்கான பேர். ஊசியில் இரண்டு வீரியம், 0.1 மில்லிகிராமும் 0.01 மில்லிகிராமும். மூன்றாவது ஊசியில் மருந்தே இல்லை. யாருக்கு எது என்று போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது. ஏழரை ஆண்டு கழித்துக் கணக்குப் பார்த்தபோது, பெரியவர்களைத் தாக்கும் நுரையீரல் காசநோயில் மூன்று கூட்டத்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை. 1979இல் அதை வெளியிட்டதும் மருத்துவ உலகமே ஆடிப்போனது. (குழந்தைகளை மூளைக் காய்ச்சல் போன்ற கடும் காசநோயிலிருந்து காப்பாற்றும் என்பதால் இன்றும் பிறந்த குழந்தைக்குப் போடுகிறார்கள். யாரும் இதைப் படித்துவிட்டுத் தடுப்பூசியைத் தவிர்க்க வேண்டாம்.)

"அங்கயும் பூஜ்யம் குடுத்திருக்காங்க பாரு" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். "போட்டவனுக்கும் தெரியாதுன்னு நீதானே சொன்னே. உனக்குத் தெரியும்ல?"

எழுந்து போனான். ரோட்டோரப் பெட்டிக்கடையில் ஒரு சிகரெட் வாங்கிப் பற்றவைத்தான். இரண்டு வருஷத்தில் முதல் சிகரெட். நான் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் அவனைப் புகையிலிருந்து வெளியே கொண்டுவந்திருந்தது, உண்மை அவனைத் திரும்ப அனுப்பியது. இதை வைத்துக்கொண்டு, பார்த்தீர்களா, பொய்தான் நல்லது செய்தது என்று வாதிடலாம். நானும் சில நாள் அப்படி வாதிட்டேன்.

*

வள்ளுவர் வாய்மை அதிகாரத்திலேயே பொய்க்கு ஒரு வாசல் திறந்து வைத்திருக்கிறார். குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்கிறார். நம் ஆட்கள் அதை எடுத்து வீசுகிற வேகத்தில் 'குற்றமற்ற' என்ற நிபந்தனையைக் கழற்றிவிடுவார்கள். என் பொய்யில் நன்மை இருந்தது, அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. குற்றம் எங்கே என்று தேடினால், நிகோடினைக் குறைத்ததில் இல்லை. 12இலிருந்து 3 வரை நான் அவனை ஏமாற்றவே இல்லை. தெரியாமல் இருப்பதை அவனே தேர்ந்தெடுத்திருந்தான். அந்த நவம்பர் இரவில் அவன் தேர்வை மாற்றிச் சொன்னான். மூணுலயே வை. வார்த்தை தெளிவாக இருந்தது. நான் பழைய அவனைக் கேட்டேன், எதிரில் நின்ற அவனைக் கேட்கவில்லை.

பழைய அவன்தானே நிஜமான அவன், பதற்றத்தில் பேசுகிறவன் பழக்கத்தின் குரல் அல்லவா என்று கேட்கலாம். குடியை நிறுத்த நினைப்பவனின் சாயங்காலப் பேச்சை மதிக்க வேண்டுமா என்ன? இது நல்ல கேள்வி, இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். அடுத்தவனின் எந்தக் குரல் நிஜமானது என்று நாம் தீர்ப்புச் சொல்லும்போதெல்லாம், அது நம் ஷீட்டில் இருக்கிற அடுத்த வரிசையோடு ஒத்துப்போகிற குரலாகவே அமைந்துவிடுகிறது. அதுவும் அல்லாமல், அன்று அவன் பேசியது பழக்கத்தின் குரலில் அல்ல. அப்பா சாகக் கிடக்கிறார், இப்போது எதையும் மாற்றாதே என்று சொல்ல நிகோடின் தேவையில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. பொய்யே தேவைப்படாமல் இருந்திருக்கலாம். ஹார்வர்டில் டெட் கப்சுக் குழுவினர் 2010இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். குடல் எரிச்சல் நோய் உள்ள எண்பது பேர். பாதிப்பேருக்கு, இது வெறும் மாத்திரை, இதில் மருந்தே இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லியே கொடுத்தார்கள். ஒன்றும் கொடுக்காதவர்களைவிட அவர்களுக்குக் குணம் அதிகம் தெரிந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. "ஒரே ஷாட்தான் இருக்கு, ஒண்ணுல மூணு போடறேன், இன்னொண்ணு பூஜ்யம், தேவைப்படறப்ப மாத்தி மாத்திப் புடி" என்று சொல்லியிருந்தால்? ஒருவேளை அதே நாலரை மில்லியைத்தான் இழுத்திருப்பான். படிவளைவில் நின்று, இது பூஜ்யம் என்று தெரிந்தே இழுத்திருப்பான். அப்போது அந்த ஆறு ராத்திரி தனியாக இருந்தது அவனுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். தாங்கியது யார் என்பதும்.

அவன் அந்த ஜனவரியிலிருந்து மார்ச் வரை சிகரெட் பிடித்தான். நாளைக்கு மூன்று, நாலு. என்னோடு அதிகம் பேசவில்லை. மார்ச்சில் ஊரடங்கு வந்து பெட்டிக்கடைகள் மூடின. மதுராந்தகத்தில் வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டான், சிகரெட் நின்றுபோனது. திரும்ப ஆரம்பிக்கவில்லை. இதில் அவன் வில் பவரும் இல்லை, என் எக்செலும் இல்லை. அந்த நாட்களில் ஒருநாள் அவனாகவே போன் செய்தான், நெட்வொர்க் எப்படி இருக்கிறது என்று கேட்டான். அப்படியே மறுபடி பேச ஆரம்பித்தோம். அந்த விஷயத்தை மட்டும் இரண்டு பேரும் தொடுவதில்லை.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டு வீட்டுக்கு வந்திருந்தான். அம்மா மீன் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டு முடித்து, கொளவாய் ஏரிப் பக்கமிருந்து காற்று வருகிற திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். என் அம்மா பிறந்தது திருவள்ளூர் பக்கத்துக் கிராமம். ஏதோ பேச்சில், சின்ன வயசில் ஜீப்பில் வந்தவர்கள் ஊரையே வரிசையில் நிறுத்தி ஊசி போட்ட கதையை ஆரம்பித்தாள். அவளுக்கு அப்போது ஏழு வயசு. அழுதாளாம், யாரோ முட்டாய் கொடுத்தார்களாம்.

நான் அந்தக் கதையைப் பத்து தடவை கேட்டிருக்கிறேன். அம்மாவின் கையில் பி.சி.ஜி. தழும்பு இல்லை. மருந்து இருந்தால் பெரும்பாலும் தழும்பு விழும். குறைந்த வீரியத்தில் விழாமலும் போகலாம், காலத்தில் மங்கியும் போகலாம், ஆகவே உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது. ஆனாலும் எனக்கு ஒரு கணிப்பு உண்டு. அதை அவளிடம் சொன்னதில்லை.

"எங்க பெரியம்மா வீட்ல ரெண்டு பேரு காசத்துல போனாங்க. நான் அந்த வீட்லயேதான் கெடந்தேன். எனக்கு ஒண்ணும் வரல. அந்த ஊசிதாம்பா" என்று இடது கையைத் தடவிக் காட்டினாள். தழும்பு இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருந்தது.

அவன் அந்த இடத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் வாசலைப் பார்த்தேன்.

"ஆமாம்மா, அந்த ஊசிதான்" என்றான். "இன்னும் கொஞ்சம் மோர் இருக்காம்மா?"